அண்ணி வராத வகுப்பு

அத்தியாயம் ஏழு

போன வாரம் அறிவியல் அறையில் முட்டை பாட்டில் வெடித்து, இரண்டு மாடிப் பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு மைதானத்துக்கு ஓடியதோடு நிறுத்தியிருந்தோம். நாற்றம் மறுநாளே போய்விட்டது. பேச்சுதான் இன்னும் போகவில்லை.

பாட்டிலை வைத்தவள் பொடிசு. அந்தப் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர். எது முதலில் கெடுகிறது, எப்படிக் கெடுகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டுமே என்று ரொட்டி, பழம், முட்டை என ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு அலமாரியில் அடுக்கியிருந்தாள். நல்ல எண்ணம்தான். முட்டை பாட்டிலின் மூடியை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டாள்.

பொடிசு என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். இப்போது அவள் அவரைவிட ஒரு தலை உயரம். பெயர் மட்டும் வளரவில்லை. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெருவில் போகிறவரைப் பார்த்தே பார்வை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். சொந்த வீட்டில் நடப்பது மட்டும் அவர் கண்ணுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரியும்.

அண்ணனின் மனைவி, அதாவது பொடிசின் அண்ணி, அதே பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது ஒரு வகுப்புக்குள் நுழைவார், நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துகொள்வார். பாடம் முடிந்ததும் வாசலில் அந்த டீச்சரிடம் ஒரு நல்லது சொல்வார், ஒரு குறை சொல்வார். இரண்டும் அவர் தன் கண்ணால் பார்த்ததாக இருக்கும். மணி அடிப்பதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற டிராயிங் மாஸ்டர் அப்படித்தான் மாறிப்போனார். "இடது கைப் பிள்ளைக்கு நீங்களும் இடது கைல வரைஞ்சு காட்டினீங்களே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்று அண்ணி ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு மனிதர் சாயங்காலத்தில் அறையைப் பூட்டவே மறந்துபோகிறார். வீட்டுக்கு அனுப்ப வாட்ச்மேன் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

எல்லோர் வகுப்பிலும் உட்கார்ந்த அண்ணி, பொடிசின் வகுப்புப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. சொந்த நாத்தனார் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதாம். ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம். ஆனால் அண்ணி கடைத்தெரு வழியாக நடந்து போவார், பொடிசு பஸ் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டு போவாள். மற்ற டீச்சர்களோ, இவளுக்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கிடைத்ததோ அண்ணன் போட்ட சட்டம். அண்ணி தலைமையாசிரியை ஆன புதிதில் சாப்பாட்டு மேசை முழுக்க டைம்டேபிள் பேச்சாக இருந்தது. பொறுக்க முடியாமல் அண்ணன் அறிவித்தார்: "இனிமே இந்த வீட்டுல ஸ்கூல் பேச்சு கிடையாது. செருப்பைக் கழட்டும்போதே அதையும் கழட்டி வெச்சுட்டு வாங்க." இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். பாவம், யாருக்கும் அதன் விளைவு அன்று தெரியவில்லை.

இன்றைக்குக் காலையில் அண்ணன் அடுப்படியில் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பொடிசு வருவதைப் பார்த்ததும் சட்டென்று கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தார்.

"மறைக்காதே அண்ணா. முட்டையைப் பார்த்தா அழற அளவுக்கு நான் இன்னும் போகலே."

"இல்லே, சும்மா ஈ மொய்க்கும்னு..."

"நான் வேலையை விடப் போறேன்."

"எந்த வேலையை?"

"நான் என்ன பத்து வேலையா பார்க்கறேன்?"

அண்ணன் அடுப்பை அணைத்தார். பொடிசு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன சனிக்கிழமை ஃப்ரெண்டைப் பார்க்கப் போறேன்னு போனேன்ல? ஃப்ரெண்டு இல்லே, இன்டர்வியூ. லேப் சாமான் விக்கற கம்பெனி. எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. வர்றீங்களா இல்லையான்னு இன்னிக்கு நான் பதில் சொல்லணும்."

"அந்த முட்டைக்காகவா இதெல்லாம்? அண்ணி விளக்கம் எழுதித் தரச் சொன்னாளே, அந்தக் கோபமா?"

"கோபம் இல்லே அண்ணா. அந்தக் கம்பெனி மேனேஜர் என்ன கேட்டார் தெரியுமா? 'நீங்க எப்படிப் பாடம் நடத்துவீங்க, சொல்லுங்க'ன்னார். அவ்வளவுதான். நான் பாட்டுக்குப் பேசறேன், பேசறேன், நிறுத்தவே முடியலே. அந்த ஒரு கேள்வியை இந்த ரெண்டு வருஷத்துல என்கிட்ட யாருமே கேட்டதில்லே."

"அதை அண்ணிகிட்டேயே சொல்லலாமே."

"எங்கே வெச்சுச் சொல்றது? ஸ்கூல்ல அண்ணின்னு கூப்பிடக் கூடாது. வீட்டுல டீச்சரா பேசக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல பஸ்தான் இருக்கு. அதுலயும் அவங்க ஏற மாட்டாங்க." பொடிசு ஒரு தம்ளரை எடுத்துக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவின தம்ளர். "என் வகுப்பைப் பார்க்க அண்ணிக்கு வெட்கமா இருக்குபோல. அப்படித்தான் எனக்குத் தோணுது."

அண்ணன் மறுபடி அடுப்பை மூட்டி ஆம்லெட் போட்டு முடிக்கவும் அண்ணி கைப்பையோடு உள்ளே வந்தார். "என்ன, நான் வந்ததும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டீங்க?"

"ஸ்கூல் பேச்சு," என்றாள் பொடிசு.

"அப்ப வேண்டாம்பா." அண்ணி தன் தட்டிலிருந்த ஆம்லெட்டில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தார். "முகம் ஏன் இப்படி வாடியிருக்கு? ராத்திரி தூங்கலையா? சாயங்காலம் வா, தலைக்கு எண்ணெய் வெச்சு விடறேன்."

பொடிசு தலையை ஆட்டினாள். இந்த அண்ணி என்றால் அவளுக்கு உயிர். காய்ச்சலில் கிடந்தபோது தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். பள்ளிக்கூடத்தில் தன்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற அந்த இன்னொருத்திதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கடையைத் திறந்த அண்ணனுக்கு வேலை ஓடவில்லை. எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர், "கடைசி வரி தெரியலைங்க" என்றார். "எனக்கும்தான் இத்தனை நாளா தெரியலை" என்றார் அண்ணன். அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் மேடமா? வணக்கம். நான் ஒரு பொண்ணோட கார்டியன் பேசறேன்."

"என்னங்க விளையாட்டு இது? எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு."

"என் தங்கச்சி உங்க ஸ்கூல்ல இருக்கா மேடம். படிக்கலே, பாடம் நடத்தறா. அவளைப் பத்திப் பேசணும். வீட்டுல பேசலாம்னா அங்க ஒரு முட்டாள் சட்டம் போட்டு வெச்சிருக்கான்."

"அந்தச் சட்டத்தைப் போட்டதே நீங்கதானே?"

"அதனாலதான் முட்டாள்னு இவ்வளவு தைரியமா சொல்றேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வார்த்தையில் அது நின்றுபோனது.

"பொடிசு வேலையை விடப் போறா. வேற இடத்துல கிடைச்சிருக்கு. இன்னிக்குப் பதில் சொல்றாளாம்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு பாட்டில் உடைஞ்சதுக்கா?"

"அதுக்கில்லே. நீ அவ வகுப்புக்கு ஒரு நாள்கூடப் போனதில்லையாமே?"

"எப்படிங்க போவேன்? நல்லா நடத்தறான்னு சொன்னா நாத்தனாருக்கு ஒத்து ஊதறான்னு சொல்வாங்க. குறை சொன்னா வீட்டுச் சண்டையை இங்கே கொண்டு வந்துட்டான்னு சொல்வாங்க."

"சரி, போகாம இருந்தியே. அதுக்கு ஊர்ல என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலே."

"அவ சொன்னா. தன் வகுப்பைப் பார்க்க அண்ணிக்கு வெட்கமா இருக்குபோலன்னா."

அந்த வார்த்தையை அண்ணி மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வெட்கமா? தினமும் அறிவியல் அறையைக் கடக்கும்போது அவர் நடை தானாகவே மெதுவாகிவிடும். உள்ளே பிள்ளைகள் சிரிப்பது கேட்கும், நடுவே பொடிசின் குரல் துள்ளி எழும். நம் வீட்டுப் பெண் என்று உள்ளுக்குள் பூரித்துப்போவார். யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டுவார். அந்தப் பெருமையை இத்தனை நாளும் அவர் ஒளித்து வைத்திருந்தார். அவ்வளவு பத்திரமாக ஒளித்ததில், உரியவளுக்கே அது தெரியாமல் போய்விட்டது.

"லைன்ல இருக்கியா?" என்றார் அண்ணன்.

"இருக்கேன். வெச்சுடுங்க. செக்ரட்டரி வர்றார்."

பள்ளிக் குழுவின் செயலாளர் பெயின்ட் வியாபாரி. அவர் வருவதற்கு முன்பே டர்பென்டைன் வாசனை வந்துவிடும். அப்படிப்பட்டவர்தான் முட்டை நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருந்தார்.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அந்த டீச்சர் நாளைக்கு அசெம்பிளியில எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கணும். பாட்டிலெல்லாம் இன்னிக்கே குப்பைக்குப் போகணும். இனிமே புத்தகத்துல இருக்கறதை நடத்தினா போதும். உங்க நாத்தனாரா போயிட்டாங்க, உங்களுக்குச் சங்கடம்தான். எனக்குப் புரியுது."

"சங்கடம்தான் சார். ஆனா நீங்க நினைக்கற சங்கடம் இல்லே." அண்ணி எழுந்தார். "அவங்ககிட்ட எழுத்துல விளக்கம் கேட்டேன். கேட்கறதுக்கு முன்னாடி அந்த வகுப்புல போய் உட்கார்ந்து பார்த்திருக்கணும். வேற எந்த டீச்சரா இருந்தாலும் பார்த்திருப்பேன். வாங்க, இப்பவே போகலாம்."

"நான் எதுக்கு?"

"புகார் உங்களோடதுதானே சார்."

அறிவியல் அறையில் பொடிசு மிச்ச பாட்டில்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் தானே தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கதவு திறந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பிள்ளைகள் அண்ணியைப் பெரிய டீச்சர் என்பார்கள். பெரிய டீச்சர் நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார். செயலாளரும் வேறு வழியில்லாமல் அவர் பக்கத்தில் உட்கார முயன்றார். அவருடைய தொப்பை மேசையோடு கொஞ்சம் தகராறு செய்து, பிறகு சமாதானமானது.

பொடிசு துடைத்த கரும்பலகையையே இன்னொரு தடவை துடைத்தாள்.

அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், ரொட்டி பாட்டில் ஏன் வெடிக்கலே?"

கேள்வி வந்ததும் பொடிசு வேறு ஆளாகிவிட்டாள். "நீங்கதான் சொல்லணும். ஏன்?"

"ரொட்டிக்குக் கோபம் வரலே டீச்சர்!"

சிரிப்பு அடங்கியதும் இன்னொருவன் எழுந்தான். "ரொட்டி காய்ஞ்சு கிடந்துச்சு. முட்டையில தண்ணி ஜாஸ்தி."

"சபாஷ். தண்ணி இருந்தா யார் சாப்பிட வருவாங்க?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க!"

"அதுங்க வயிறு முட்டச் சாப்பிட்டா என்ன விடும்?"

"காத்து!" என்று வகுப்பே கத்தியது. அந்தச் சந்தோஷம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மூடி இறுக்கமா இருக்கு. காத்துக்கு வெளியே போக வழியில்லே. அப்ப?"

"உப்பும்," என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். செயலாளர் தன்னையும் அறியாமல் பதில் சொல்லியிருந்தார். "எங்க கடையில பழைய பெயின்ட் டப்பா அப்படித்தான் உப்பிக்கும். திறந்தா ஒரே நாத்தம்."

நடு வரிசையில் அவருடைய மகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எந்தப் பெயின்ட் சார்? எண்ணெய்ல கலக்கறதா, தண்ணில கலக்கறதா?" பொடிசின் கண்கள் பளிச்சென்றன.

"தண்ணில கலக்கறது. எண்ணெய் டப்பாவுக்கு ஒண்ணும் ஆகறதில்லே."

"ஏன் சார்?"

"ஏன்னா... கம்பெனிக்காரன் சரியில்லே."

மகளால் பொறுக்க முடியவில்லை. எழுந்தாள். "அப்பா, கிருமிங்க உயிரோட இருக்கணும்னா தண்ணி வேணும்ப்பா. எண்ணெய் பெயின்ட்ல தண்ணியே கிடையாது."

"அடடே, அதானா!" என்றார் செயலாளர். இதற்காகப் பெயின்ட் கம்பெனியோடு அவர் போட்ட சண்டைகளெல்லாம் முகத்தில் வரிசையாக வந்துபோயின.

"அப்ப தப்பு யாரோடது டீச்சர்? முட்டையோடதா?" என்றான் ஒருவன்.

பொடிசு கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தே சொன்னாள். "என்னோடதுதான். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கணும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அவசரத்துல இறுக்கிட்டேன். தப்பு செஞ்சது நான், தண்டனை உங்க மூக்குக்கு. மன்னிச்சுக்கங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியேறியதும் செயலாளர் பெஞ்சிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டார். வந்தபோது இருந்த கோபத்தைக் காணோம். ஆனாலும் ஒரேயடியாக விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. "இருந்தாலும் குழுவுல பேசித்தான் ஆகணும் மேடம்."

"குழுவுக்கு நான் பதில் சொல்றேன் சார். இந்த ஸ்கூல்ல ஒரு டீச்சர் புதுசா ஒண்ணு செஞ்சு பார்த்து அது தப்பாப் போனா, முதல் கேள்வி என்கிட்ட வரட்டும். பாட்டில் இங்கேயே இருக்கும். மூடி தளர்வா இருக்கும். மன்னிப்பு கேட்க வேண்டியவங்ககிட்ட கேட்டாச்சு, நீங்களே பார்த்தீங்க."

செயலாளர் மூக்கைத் தடவிக்கொண்டார். "ஜன்னலையாவது திறந்து வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் இருவர் மட்டும் நின்றார்கள். அண்ணி வாசலருகே வந்தார், மற்ற டீச்சர்களிடம் பேசும் அதே இடம்.

"டீச்சர், தெரியாதவங்க மாதிரி நின்னு பிள்ளைங்க வாயாலேயே பதிலை வரவழைச்சீங்க. அந்தப் பொறுமை எனக்குக்கூட வராது. அதோட, தப்பு என்னோடதுன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னீங்க பாருங்க, அதை எந்தப் புத்தகத்துலயும் சொல்லித் தர முடியாது." அண்ணி நிறுத்தினார். "இனி குறை. ஜன்னல் பக்க வரிசையை நீ திரும்பியே பார்க்கலே பொடிசு. அங்கே ஒரு பொண்ணு கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா. நீ கவனிக்கவே இல்லே. கடைசியில கையை மடியில வெச்சுக்கிட்டா."

நீங்கள் நீயாகி, டீச்சர் பொடிசாகிப்போனதை அண்ணி கவனிக்கவில்லை. பொடிசு கவனித்தாள். பாராட்டுக்குத் தாங்கிய கண்கள் குறைக்குத் தாங்கவில்லை. குறை சொல்ல வேண்டுமானால் பார்த்திருக்க வேண்டுமே. முழுசாக உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும், தன்னையும் ஒருவர் பார்த்திருக்கிறார். பொடிசு அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஏன் அண்ணி இவ்வளவு நாளா வரலே?"

"பயம்டி. ஊர் என்ன சொல்லுமோன்னு பயம். என்னைக் காப்பாத்திக்க உன்னைத் தனியா விட்டுட்டேன்." அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணன் எல்லாத்தையும் சொன்னார். இன்னும் பதில் சொல்லலையே நீ?"

பொடிசு தலை குனிந்தாள்.

"பஸ்ல வரும்போதே சொல்லிட்டேன் அண்ணி. வர்றேன்னு."

அண்ணியின் பிடி தளரவில்லை. "போகாதேன்னு கேட்க எனக்கு வாய் வரலே. இத்தனை நாள் வராதவ ஒரு நாள் வந்து உட்கார்ந்துட்டு அதைக் கேட்டா நியாயமில்லே. நீ இருந்தாலும் போனாலும் இந்த பாட்டில் விஷயத்துக்கு நான்தான் பதில் சொல்வேன். அது மட்டும் உறுதி."

பொடிசின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அந்தக் கம்பெனிதான். அண்ணியைப் பார்த்தாள், அட்டைப்பெட்டியைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மேசைப் பக்கத்தில் தங்கள் டீச்சருக்குப் பதிலாகப் பெரிய டீச்சர் நிற்பதைக் கண்டு சத்தம் அடங்கியது. அண்ணி மொழிப்பாடம் நடத்துகிறவர். பாட்டில்களை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பெரிய டீச்சர், எங்க டீச்சர் வருவாங்களா?" என்றாள் முன் பெஞ்சில் ஒரு குட்டிப் பெண்.

யார் எங்கே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று கேட்டால் அண்ணியிடம் எப்போதும் பதில் இருக்கும். திறந்த கதவு வழியாகப் பார்த்தார். தாழ்வாரத்தின் கோடியில் பொடிசு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். போன் காதில் இருந்தது. என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை.

"தெரியலேம்மா," என்றார் அண்ணி. "வரணும்னுதான் நானும் பார்த்துக்கிட்டு நிக்கறேன்."